பிந்தியது நிற்கும்

புக்கிட் செலம்பாவ்
செப்டம்பர் 13

அக்காவுக்கு,

நேற்றிலிருந்து நீ அழைத்துக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை. ஃபோனில் நீ கேள்வியும் கேட்பாய், நான் வாய் திறப்பதற்குள் பதிலையும் நீயே சொல்லிவிடுவாய். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் மின்னஞ்சல் எழுதுகிறேன். நீயும் எழுதியே அனுப்பு.

ராமையா மாமாவின் உடலை வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். நீ வரவில்லை. பக்கத்து வீட்டு மனிதர். மழை நாளில் உன்னை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப் போனவர். "அவளுக்கு லீவு கெடைக்கல" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாலியை இழந்து உட்கார்ந்திருந்த மருதம்மாள் அத்தையும் அதைக் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கு நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. இப்போது கேள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆற்றுத் தண்ணீர் தாமான் வீடுகளுக்குள் வந்தது. எல்லாரையும் சர்ச் மண்டபத்துக்கு அழைத்து வந்தார்கள். வெள்ளத்தில் ஆட்களைத் தேட உங்கள் கம்பெனி செய்த செயலியில் பதிவு போட இரண்டு பேர் இருந்தோம். முன்வாசலில் டேப்லெட்டோடு நான். சமையல்கட்டுப் பக்கம் பின்வாசலில் தன் ஃபோனோடு அழகேசன் அண்ணன். வருகிறவர்களுக்கு 'உள்ளே', போகிறவர்களுக்கு 'வெளியே'. இந்த வேலைக்கு மண்டபத்துக்காரர்களிடம் என் பெயரைக் கொடுத்ததே நீதான். "தங்கச்சி ஸ்கூல் போகல, வீட்ல சும்மாதான் இருக்கா, டைப் நல்லா பண்ணுவா" என்றாயாம். ரொட்டிக் கடையில் நாள் முழுக்க நின்று லேபிள் ஒட்டுவது சும்மா இருப்பதா?

ராமையா மாமா என்னிடம்தான் பதிவு செய்தார். "மாட்டையும் சேத்து எழுது பாப்பா. அதுங்களும் நம்ம வீட்டு ஆளுங்கதான் லா" என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்று பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார். அழகேசன் அண்ணன் தடுத்துப் பார்த்து, முடியாமல், 'வெளியே' என்று போட்டாராம். போட்டுவிட்டு மெர்போக்கில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிவர லோரியில் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் படகுக்காரர்கள் வந்தார்கள். "உங்க ஜாலான்ல யாரும் பாக்கி இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். டேப்லெட்டில் தேடினேன். ராமையா: உள்ளே. நம் தெருவில் இருந்த எல்லாருமே உள்ளே. படகு வேறு பக்கம் போனது.

பிறகு அத்தை வந்து அவரைக் காணோம் என்றார். உடனே உனக்குத்தான் செய்தி அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய்? 'ஸ்கிரீனில் உள்ளே என்றால் உள்ளேதான் இருப்பார். நன்றாகப் பார்.' நாங்களும் நன்றாகத்தான் பார்த்தோம், மண்டபத்துக்குள்ளேயே. மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவர் கிடைத்தார்.

அழகேசன் அண்ணன் 'வெளியே' போட்டேன் என்கிறார். டேப்லெட் 'உள்ளே' என்றது. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஊரே பேசுகிறது. இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, அதே மண்டபத்தில் கூட்டம் வைத்து எங்களைக் கேட்கப்போகிறார்கள். அந்தச் செயலியைக் கட்டியவள் நீ. உள்ளே பார்த்து, நடந்தது என்ன என்று சொல். வேறு எதுவும் வேண்டாம்.

இவாஞ்சலின்

*

சைபர்ஜெயா
செப்டம்பர் 15

இவா,

உனக்கு இவ்வளவு பேச இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நான் வராததற்குக் காரணம் லீவு இல்லை. அந்த வாரம் மற்ற ஊர்களிலும் தண்ணீர். செயலி ஒரு நிமிடம் நின்றாலும் யாரோ ஒருவர் தன் பிள்ளையைத் தேட முடியாமல் போகும். நாற்காலியை விட்டு எழவில்லை. இதை அத்தையிடம் சொன்னால் புரியாது. உனக்காவது புரியட்டும்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. கம்பெனி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது.

வெள்ளம் வந்தால் முதலில் அறுவது இணைய லைன். லைன் வரட்டும் என்று காத்திருந்தால் மண்டப வாசலில் வரிசை நகராது. அதனால் ஒவ்வொரு கருவியும் பதிவை முதலில் தனக்குள்ளேயே எழுதிக்கொள்ளும். லைன் கிடைத்ததும் கிளவுடுக்கு அனுப்பும். கிளவுட் என்பது வானத்தில் இல்லை. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கணினிகள்தான். எல்லாவற்றிலும் ஒரே பிரதி இருக்கும். ஒரு ஊரில் மின்சாரம் போனாலும் மற்ற ஊர் பதில் சொல்லும். மண்டபங்கள் கூடக் கூட நாமும் கணினிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். கெடா மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் சொந்தக்காரர்களைத் தேடினாலும் கண் இமைப்பதற்குள் பெயர் வந்து நிற்கும். இதற்காக இரண்டு வருடம் உழைத்தேன்.

ஒரே ஆளைப் பற்றி இரண்டு பதிவு வந்தால் ஒரு விதி உண்டு. பிந்தியது நிற்கும்.

பார்த்தேன். உன்னுடையதுதான் பிந்தியது. அழகேசன் அண்ணன் 'வெளியே' போட்ட பிறகு உன் டேப்லெட்டிலிருந்து 'உள்ளே' வந்திருக்கிறது. கூட்ட நெரிசலில் கை தவறி இரண்டாவது முறை அமுக்கியிருப்பாய். யோசித்துப் பார்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. படகுக்காரர்கள் கேட்டபோது நீ எழுந்து அவர் பெயரை ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டிருக்கலாமே?

சமந்தா

*

புக்கிட் செலம்பாவ்
செப்டம்பர் 17

அக்காவுக்கு,

நான் இரண்டாவது முறை அமுக்கவில்லை.

மாமாவைப் பதிவு செய்தபோது டீ இன்னும் வரவில்லை. டீயும் ரொட்டியும் கொடுக்கும்போதுதான் அவர் பின்வாசலில் நின்றார். "இத சாப்ட்டு போங்க மாமா, மாடு எங்கயும் போவாது" என்று அழகேசன் அண்ணன் ரொட்டியை அவர் கையில் திணித்ததைச் சமையல்கட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். என்னுடையதுதான் முந்தியது. உன் கணினிகள் எல்லாம் சேர்ந்து தப்பாகச் சொல்கின்றன.

உரக்கக் கூப்பிட்டிருக்கலாம்தான். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள் என்றே மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றவள் நான். உனக்குத் தெரியாததா? அத்தனை பேர் முன்னால் கத்த என்னால் முடியவில்லை. ஸ்கிரீன்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். ஸ்கிரீனை நம்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஆனால் இப்போது ஊர் என்னைப் பேசவில்லை. நேற்றுக் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் புள்ள ஊமக்கோட்டான். அது எங்க பொய் சொல்லப் போவுது? அழகேசன்தான் அமுக்காமலே அமுக்குனேங்கிறான்."

"அன்னிக்கு அவன் கண்ணப் பாத்தியா? செவசெவன்னு இருந்துச்சி லா."

"மழயில நனைஞ்சா யாருக்கும் செவக்கும்."

"அவனுக்கு மழ இல்லாமயே செவக்குமே!"

சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து அழகேசன் அண்ணனே கடைக்குள் வந்தார். எல்லாரும் வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். அவர் எடுத்த சாமான்களை மேசைமேலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் சிரிக்கிறார்கள். அவர் ஓட்டுவது பள்ளி வேன். இந்த வாரம் பாதிப் பிள்ளைகள் அதில் ஏறவில்லை.

நான் பேசாமல் இருந்தால் போதும், பழி அவர்மேல் போய் உட்கார்ந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை, அக்கா. நானும் சொல்லவில்லை. மறுபடியும் பார்.

இவாஞ்சலின்

*

சைபர்ஜெயா
செப்டம்பர் 18, காலை

இவா,

ஒரே கேள்வி. உடனே பதில் போடு.

அந்த டேப்லெட்டில் மணி சரியாக இருந்ததா?

சமந்தா

*

புக்கிட் செலம்பாவ்
செப்டம்பர் 18, மாலை

அக்காவுக்கு,

நம் வீட்டு மணிதான் இருந்தது. முதல் நாள் பழகிப் பார்க்க டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. அதனால் மாற்றி வைத்தேன். நம் வீட்டு மணி எப்போதும் அரை மணி முன்னால்தானே ஓடும்? அம்மாவின் ஃபேக்டரி பஸ் யாருக்காகவும் நிற்காது என்று அப்பா வைத்தது. இந்த ஜாலானில் எந்த வீட்டில் சரியான மணி இருக்கிறது? மண்டபத்துக்கும் பிந்திப் போகக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஏன் கேட்கிறாய்?

இவாஞ்சலின்

*

சைபர்ஜெயா
செப்டம்பர் 20

இவா,

பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. உட்கார்ந்து படி.

நீ சொன்னதுதான் உண்மை. உன் பதிவு முந்தியது. அழகேசன் அண்ணனுடையது பிந்தியது. ஆனால் ஒவ்வொரு கருவியும் தன் மணியைத்தான் பதிவின்மேல் ஒட்டி அனுப்பும். உன் டேப்லெட்டில் சிம் இல்லை. மண்டபத்தில் லைனும் விட்டுவிட்டுத்தான் வந்தது. நீ மாற்றிய மணியைத் திருத்த யாரும் இல்லை. அதனால் உன் 'உள்ளே' அரை மணி முன்னேறி, அவருடைய 'வெளியே'க்கு மேல் ஏறி நின்றுவிட்டது. தேடியவர்களுக்கு எல்லாம் உன்னுடையதுதான் தெரிந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஜெயகுமாரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நம்ம சிஸ்டம் சரி, யூசர் தப்பு. முடிச்சிருங்க" என்றார். 'பயிற்சி பெறாத தன்னார்வலர் ஒருவர் கருவியின் நேரத்தை மாற்றியதால்' என்று அறிக்கை தயாராகிவிட்டது. நான் கையெழுத்துப் போட வேண்டும். உன் பெயர் அதில் வராது, கேட்டு வாங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். இந்த அறிக்கை ஒழுங்காக முடிந்தால்தான்.

சனிக்கிழமை கூட்டத்தில் மணியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே. தெரிந்தால் மருதம்மாள் அத்தை உன்னைத்தான் குற்றவாளியாகப் பார்ப்பார். இது உன்னைக் காப்பாற்றத்தான். உனக்கு இது கஷ்டமும் இல்லை. எப்போதும் போலப் பேசாமல் இரு.

சமந்தா

*

புக்கிட் செலம்பாவ்
செப்டம்பர் 22

அக்காவுக்கு,

எப்போதும் போல. நீ என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறாய்.

என் கையால்தான் நடந்தது என்று இப்போது தெரிகிறது. கடையில் ரொட்டி லேபிளில் தேதி அடிக்கவே பயமாக இருக்கிறது. சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, கடைக்காரரிடம் திட்டு வாங்குகிறேன். அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறார். அவர் தலை தெரிந்தால் நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன். நீ என்னைக் காப்பாற்றுவது இப்படித்தான் இருக்கிறது.

என் பெயர் வராது என்கிறாய். பதிவு போட்டது இரண்டே பேர். டேப்லெட் வைத்திருந்தது நான். பெயர் எதற்கு?

ஒன்று கேட்கிறேன். எனக்குக் கணினி தெரியாது, தப்பாக இருந்தால் சொல். அழகேசன் அண்ணன் போட்ட 'வெளியே' உங்களிடம் வந்து சேர்ந்ததா, இல்லையா? வந்தது என்றால், ஒரே ஆளை ஒருவர் உள்ளே என்கிறார், இன்னொருவர் வெளியே என்கிறார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எங்களிடம் ஏன் சொல்லவில்லை? 'எனக்குத் தெரியாது, போய்ப் பாருங்கள்' என்று காட்டியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அழுதுகொண்டாவது கத்தியிருப்பேன். அது அவ்வளவு உறுதியாகச் சொன்னதால்தானே நான் உட்கார்ந்திருந்தேன்?

மறுபடியும் மழை வரும் என்கிறார்கள். எல்லா மண்டபங்களுக்கும் இந்த டேப்லெட்டைக் கொடுக்கப்போகிறார்களாம். அங்கேயும் ஃபேக்டரி பஸ்ஸுக்குப் போகிற வீடுகள் இருக்கும்.

அழகேசன் அண்ணன் வேனை விற்கப்போவதாக அவர் மனைவி அம்மாவிடம் சொல்லி அழுதார். நான் சனிக்கிழமை பேசுவேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், இனிமேல் எனக்கு எழுதாதே.

இவாஞ்சலின்

*

சைபர்ஜெயா
செப்டம்பர் 25

இவா,

அண்ணன் போட்டது வந்து சேர்ந்தது. இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அவருடைய 'வெளியே'யைக் கணினி அழிக்கவில்லை. பின்னால் தள்ளி வைத்துவிட்டது. யாரும் தேடாத இடத்தில்.

அந்த விதியை எழுதியது நான். எல்லாப் பிரதிகளும் பேசி முடிவெடுக்கும்வரை காத்திருந்தால், லைன் அறுந்த நேரத்தில் செயலியே நின்றுவிடும். வேகம் வேண்டும் என்று நேரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் செய்தேன். "கருவியில மணி தப்பா இருந்தா?" என்று அப்போது கம்பெனிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "இந்தக் காலத்துல எந்தக் கருவில மணி தப்பா இருக்கும்?" என்று சிரித்தேன். நம் வீட்டுச் சுவரைப் பார்த்து வளர்ந்தவள் நான், இவா. அந்தக் கடிகாரத்தை நம்பி ஓடித்தான் பள்ளிக்குப் போனேன். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. வேறு அறிக்கை எழுதினேன். 'மணியை மாற்றியது என் தங்கை. எந்த மணியையும் சோதிக்காமல் நம்பச் சொன்னது நான்' என்று முதல் வரியிலேயே போட்டேன். இரண்டு பதிவுகள் முரண்பட்டால் கணினி ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, இரண்டையும் சிவப்பில் காட்டி நேரில் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன். ஜெயகுமார் அதைத் தள்ளி வைத்தார். "ஒங்க தங்கச்சியா? மொதல்லயே சொல்ல வேண்டாமா? நீங்க இதுல கைய வெச்சிருக்கவே கூடாதே" என்றார். அது நியாயம்தான். ஆனால் அதற்குள் மண்டபங்களுக்கு டேப்லெட் கொடுக்கும் பொறுப்பாளர்களுக்கும் அனுப்பிவிட்டேன். என்ன செய்வார்களோ தெரியாது. கம்பெனிக் கணினிக்குள் நான் நுழைய முடியாதபடி என் கணக்கை மூடிவிட்டார்கள். அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை பேசாதே. அறிக்கை வந்து சேரட்டும், அது பேசட்டும். அத்தனை பேர் முன்னால் நீ தனியாக நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் வரலாம். ஆனால் அத்தை முகத்தில் எப்படி விழிப்பது? துக்கத்துக்கே வராதவள்.

அக்கா

*

புக்கிட் செலம்பாவ்
செப்டம்பர் 27

அக்காவுக்கு,

பேசிவிட்டேன்.

உன் அறிக்கை இங்கிலீஷில் எந்த அலுவலகத்துக்கோ போகும். அழகேசன் அண்ணன் இன்றைக்கே நின்றுகொண்டிருந்தார். "நான் போட்டேன், போட்டேன், வேற என்னத்த சொல்ல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்வரிசையில் யாரோ, "எந்த கிளாஸ்ல போட்ட?" என்றார்கள். சிரிப்பு. அவர் தலை குனிந்துகொண்டார்.

நான் கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. எழுந்து நின்று, "அண்ணன் பொய் சொல்லல" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அம்மா என் முதுகில் கை வைத்து, "சத்தமா சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். மணியை மாற்றியதை, ஏன் மாற்றினேன் என்பதை, பிந்தியது நிற்கும் என்ற விதியை, எல்லாவற்றையும். அழுகை வந்தது, நிறுத்தவில்லை. முடித்தேன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. "எங்க வீட்லயும் அரை மணி முன்னாலதான் லா" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

அழகேசன் அண்ணன் என்னிடம் வந்தார். "அப்ப நான் போட்டது அங்க இருக்கா பாப்பா?"

"இருக்குண்ணே. அக்கா பாத்துட்டா. நல்லாவே இருக்கு."

"எம்பொண்டாட்டியே என்ன நம்பல" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கிண்டல் செய்தவர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வாங்கவில்லை.

அப்போது மருதம்மாள் அத்தை எழுந்து வந்தார். எல்லாரும் வழி விட்டார்கள். அவர் என் முன்னால் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன்.

"மணிய நீ மாத்துன. அது எனக்குப் புரியுது. அந்த மணியிலதான் அவரும் இத்தன வருசம் எந்திரிச்சாரு" என்றார். அழகேசன் அண்ணன் பக்கம் கை காட்டினார். பிறகு, "அவரு வெளிய போயிட்டாருன்னு இவன் சொன்னது அந்த கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் மூடி வெச்சிருக்கு. அப்படி மூடச் சொன்னது ஒங்கக்காதானே?"

"ஆமா அத்தே."

"அவள வரச் சொல்லு. போனும் வேணாம், கடுதாசியும் வேணாம். எம்முன்னால ஒக்காந்து, எங்கண்ணப் பாத்துச் சொல்லட்டும்."

மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நீ வந்தால் திட்டுவார். வாசலில் நிற்க வைத்தே அனுப்பினாலும் அனுப்புவார். அவர் கேட்பதற்கு உன்னிடம் என்ன பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டாலும் அதை நீதான் அவர் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

மழை மறுபடி பிடித்துவிட்டது. ஊருக்குள் வரும் ஆற்றோரப் பாதையை இன்னும் மூடவில்லை, நாளைக்கு மூடினாலும் மூடிவிடுவார்கள்.

பதில் எழுதாதே, அக்கா. கிளம்பு.

இவா